பெக்கின் புது ஆல்பம் வந்தால் ரசிகர்கள் ஏன் கட்சி பிரிகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க இசைக்கலைஞர் பெக் பற்றிப் பேச்செடுத்தால் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகின்றன. எந்த ஆல்பம் நல்லது, ஏன் அடிக்கடி ஆளே மாறிவிடுகிறார், அந்த கிராமி மேடையில் என்னதான் நடந்தது, இப்படி. அவற்றுக்கான பதில்கள் இவை. என் சொந்த விருப்பு வெறுப்பும் இவற்றில் உண்டு, மறைக்கவில்லை.

பெக் என்றால் கிட்டார் மேதை ஜெஃப் பெக்கா?

இல்லை. ஜெஃப் பெக் இங்கிலாந்துக்காரர், ஒரு தலைமுறை மூத்தவர், 2023-ல் காலமானார். நாம் பேசும் பெக் 1970-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். ஒற்றைப் பெயரில்தான் ஆல்பம் போடுகிறார். அப்பா டேவிட் கேம்ப்பெல் பலருடைய ஆல்பங்களுக்கு வயலின், செல்லோ பகுதிகளை எழுதிக்கொடுத்த இசைக்கோப்பாளர். அம்மாவின் அப்பா ஆல் ஹான்சன் ஓர் ஓவியர். சாக்லேட் உறை, சிகரெட் துண்டு என்று தெருவில் கிடப்பதையெல்லாம் ஒட்டிப் படம் செய்தவர். கையில் கிடைத்ததையெல்லாம் பாட்டுக்குள் சேர்க்கும் பழக்கம் பேரனுக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியதில்லை.

எல்லாரும் ‘லூசர்’ என்ற ஒரே பாட்டைத்தானே சொல்கிறார்கள்?

சொல்வார்கள். அந்தப் பாட்டின் கதையும் நன்றாகத்தான் இருக்கும். கார்ல் ஸ்டீஃபன்சன் என்பவரின் வீட்டில் பதிவானது. 1993-ல் பாங் லோடு என்ற சின்ன கம்பெனி வெறும் 500 பிரதி அடித்தது. வானொலிக்காரர்கள் அதை விடாமல் ஒலிபரப்ப, பெரிய கம்பெனிகள் வீடு தேடி வந்தன. 1994-ல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் 10-ஆம் இடம். ஒரு ஸ்லைட் கிட்டார் துணுக்கு, ஹிப்-ஹாப் தாளம், பாதி ஸ்பானிஷில் பல்லவி, அர்த்தமில்லாமல் ஓடும் சரணம். இதைக் கேட்டவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இவர் ஒரு பாட்டோடு காணாமல் போவார், சோம்பேறித் தலைமுறையின் செல்லப்பிள்ளை.

அந்தச் சோம்பேறிப் பட்டம் பெக்குக்கு எரிச்சல். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுக் கிடைத்த வேலையெல்லாம் பார்த்துக்கொண்டு பாடியவர் அவர். சோம்பிக்கிடக்க வசதி எங்கே இருந்தது?

அப்புறம், 1994-ல் அவர் போட்டது ஓர் ஆல்பம் அல்ல, மூன்று. பெரிய கம்பெனியான டிஜிசிக்கு ‘மெல்லோ கோல்ட்’. ஃப்ளிப்சைட் என்ற சின்ன கம்பெனிக்குச் சத்தமும் கிறுக்குத்தனமும் நிறைந்த ஒன்று. கே ரெக்கார்ட்ஸ் என்ற இன்னொரு சின்ன கம்பெனிக்கு ‘ஒன் ஃபுட் இன் த கிரேவ்’: கிட்டாரும் குரலும், பழைய ப்ளூஸ் பாணி, சோகமான நாட்டுப்புறப் பாட்டுகள். சின்ன கம்பெனிகளுக்கும் ஆல்பம் தரலாம் என்று டிஜிசி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார். இந்த மூன்றாவது ஆல்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஒவ்வொரு ஆல்பமும் வேறு ஆள் செய்ததுபோல் இருக்கிறதே, ஏன்?

எளிய பதில், தயாரிப்பாளர்கள். டஸ்ட் பிரதர்ஸ் என்ற இரட்டையரோடு உட்கார்ந்தால் சாம்பிள்கள் (பிறர் பதிவுகளிலிருந்து வெட்டி ஒட்டும் துணுக்குகள்), தாளம், கேலி. 1996-ன் ‘ஒடிலே’ அப்படி வந்தது. அதில் ஒரு பாட்டின் நடுவே ஷூபர்ட்டின் முடிவுறாத சிம்பொனி திடீரென்று எட்டிப்பார்க்கும், அடுத்த நொடியே காணாமல் போகும். ரேடியோஹெட் குழுவோடு வேலை செய்த நைஜல் காட்ரிச்சோடு உட்கார்ந்தால் நிதானம், வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பது, நிறைய வெற்றிடம். 1998-ன் ‘மியூட்டேஷன்ஸ்’ ஏறக்குறைய இரண்டே வாரத்தில் அப்படிப் பதிவானது. அதில் சிதாரும் தம்புராவும் வரும் ஒரு பாட்டு இருக்கிறது. தம்புரா கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அதன் சுருதி அந்நியமாக இருக்காது.

ஆனால் இது பாதி பதில்தான். டஸ்ட் பிரதர்ஸ், காட்ரிச், டேஞ்சர் மவுஸ், கிரெக் கர்ஸ்டின், ஃபாரெல் வில்லியம்ஸ் என்று ஆட்களைத் தேர்ந்தெடுத்தது பெக்தான். முந்தைய ஆல்பத்தில் எது மக்களுக்குப் பிடித்ததோ அதை அடுத்ததில் செய்யாமல் விடுவது அவர் வழக்கம். அதனால் புது ஆல்பம் வந்ததும் கேட்பவர் பழையதன் மீதுதான் தீர்ப்புச் சொல்கிறார். போன தடவை பிடித்தவருக்கு இந்தத் தடவை ஏமாற்றம், போன தடவை விலகியவர் இந்தத் தடவை ஓடி வருகிறார். இருபது வருட விமர்சனங்களைப் புரட்டினால் திரும்பத் திரும்ப இதுதான் தெரிகிறது.

‘மிட்நைட் வல்ச்சர்ஸ்’ ஏன் பலருக்குப் பிடிக்காமல் போனது?

1999-ன் இறுதியில் வந்தது. ‘ஒடிலே’ இரண்டு கிராமி வாங்கியிருந்தது, ‘மியூட்டேஷன்ஸ்’ அமைதியானது என்று பெயர் எடுத்திருந்தது. அடுத்து ஆழமாக ஏதோ வரும் என்று காத்திருந்தவர்களுக்கு ஊதுகருவி, பான்ஜோ, ஃபங்க் தாளம், கறுப்பினப் பாடகர் பிரின்ஸின் பாணியில் உச்சஸ்தாயிக் குரல், படுக்கையறை நகைச்சுவை என்று ஒரு கூத்தையே கொடுத்தார். கறுப்பின இசையைக் கேலி செய்கிறாரா, கொண்டாடுகிறாரா என்று அப்போதே கேட்டார்கள். கேள்வி நியாயமானது. என் காதுக்குக் கொண்டாட்டம்தான் அதிகம் கேட்கிறது, ஆனால் சில இடங்களில் வேஷம் கூடிப்போனதை மறுக்க மாட்டேன்.

அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 34-ஆம் இடத்தோடு நின்றது. ‘ஒடிலே’ 16 வரை போயிருந்தது. ஆனாலும் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமிப் பரிந்துரையில் இடம்பிடித்தது. கடைசிப் பாட்டு ‘டெப்ரா’ மேடைகளில் முன்பே பாடிப் பழகியது. கூட்டம் சிரித்துக்கொண்டே கேட்ட பாட்டு, ஆனால் அந்தக் குரலைச் சும்மா கேலிக்காக யாரும் அவ்வளவு துல்லியமாகப் பாட மாட்டார்கள். எனக்கு இது அவருடைய மிகவும் குறைத்து மதிப்பிடப்பட்ட ஆல்பம். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

‘சீ சேஞ்ச்’ வந்தபோது கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்?

2002 செப்டம்பர். கூத்து முடிந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஆல்பம் முதல் பாட்டிலேயே தன் வேகத்தைச் சொல்லிவிடுகிறது: மெதுவான கிட்டார், தாழ்ந்த குரல். அந்தக் குரலே பலருக்கு அதிர்ச்சி, இவ்வளவு நாள் இதை எங்கே ஒளித்துவைத்திருந்தார் என்று கேட்டார்கள். சாம்பிள் இல்லை, ராப் இல்லை, ஜோக் இல்லை. பன்னிரண்டு பாட்டும் ஏறக்குறைய ஒரே மனநிலை.

ரோலிங் ஸ்டோன் பத்திரிகை ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அடுத்த வருடமே தன்னுடைய 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலிலும் சேர்த்தது. பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இசை இதழ் பத்துக்கு 6.9 மட்டும் போட்டது. ரசிகர்களிடமும் இதே பிளவுதான். ‘கடைசியில் முகமூடியைக் கழற்றிவிட்டார்’ என்பது ஒரு கட்சி. ‘சலிப்பு, எல்லாப் பாட்டும் ஒன்றுபோல இருக்கிறது, எங்கள் பெக் எங்கே?’ என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு சின்னக் கூட்டம், யார் யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தது: ‘பேப்பர் டைக’ரின் தந்திக்கருவிகளில் பிரெஞ்சுப் பாடகர் செர்ஜ் கெய்ன்ஸ்பூரின் 1971 ஆல்பம் மெலடி நெல்சன், ‘ரவுண்ட் த பெண்’டில் ஆங்கிலேய ஃபோக் பாடகர் நிக் டிரேக்.

மூன்று கட்சியிலும் உண்மை இருக்கிறது. கடன் எண்ணியவர்கள் சொன்னது சரி, அந்தச் சாயல் அப்பட்டமாகவே இருக்கிறது. ஆனால் சாம்பிள் எடுத்து ஒட்டியபோது மேதை என்றவர்கள், அதே வேலையை ஆர்கெஸ்ட்ராவை வைத்துச் செய்தபோது மட்டும் ஏன் முகம் சுளித்தார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. தந்திக்கருவிப் பகுதிகளை எழுதியவர் அப்பா கேம்ப்பெல். ‘லோன்சம் டியர்ஸ்’ பாட்டின் கடைசியில் அந்த வயலின்கள் படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே போகும், இறங்கவே இறங்காது. குரல் நின்ற பிறகும் ஏறும். ஒரே மாதிரி இருக்கிறது என்று சலித்தவர்கள் அந்த இடத்தை நல்ல ஹெட்ஃபோனில் ஒருதரம் கேட்டுவிட்டுப் பேசலாம்.

விற்பனை? பட்டியலில் 8-ஆம் இடம். அதுவரை அவருக்கு அதுவே உச்சம். சலிப்பு என்று சொன்னவர்களும் வாங்கித்தான் இருக்கிறார்கள் போல.

அது காதல் முறிவு ஆல்பம்தானே? அவர் பட்ட வலி அப்படியே கேட்கிறதே?

முறிவு நடந்தது உண்மை. பல வருடக் காதல் முடிந்தது. பாட்டுகளை அந்தச் சமயத்திலேயே வேகமாக எழுதினார். உடனே வெளியிடாமல் வைத்திருந்து, பிறகுதான் காட்ரிச்சோடு பதிவு செய்தார்.

ஆனால் ஒரு பாட்டு இந்தக் கதைக்குள் அடங்க மறுக்கிறது. ‘இட்ஸ் ஆல் இன் யுவர் மைண்ட்’. சோகப் பாட்டு, ஆல்பத்தின் நடுவில் இயல்பாக உட்கார்ந்திருக்கிறது, முறிந்துபோன காதலைப் பற்றித்தான் என்று கேட்கும் யாரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் இதன் முதல் வடிவம் 1995-லேயே கே ரெக்கார்ட்ஸ் சிங்கிளாக வெளிவந்துவிட்டது. முறிவுக்குப் பல வருடம் முன்பே. மேலே நினைவில் வைக்கச் சொன்ன அந்தச் சோகப் பாட்டுகள் ஆல்பம் பதிவான காலத்துச் சரக்கு.

அப்படியானால் கேட்டவர்கள் அந்தப் பாட்டில் கேட்ட வலி எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பாட்டிலிருந்து, கொஞ்சம் பக்கத்துப் பாட்டுகளிலிருந்து, மீதி பத்திரிகையில் படித்த செய்தியிலிருந்து. இதில் கேட்பவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை, எல்லாரும் அப்படித்தான் கேட்கிறோம். ஆனால் ‘முதல்முறையாக உண்மையான பெக்’ என்ற வாதம் மட்டும் இங்கே நொண்டுகிறது. சோகமாகப் பாடும் பெக் 1994-லேயே இருந்தார். அந்த ஆல்பத்தை வாங்கியவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

அப்படியென்றால் சோக பெக் நடிப்பா?

நான் அப்படிச் சொல்லவில்லை. சிரிக்கிற பெக்கும் நடிப்பு இல்லை என்கிறேன். சோகமாகப் பாடினால் நேர்மை, ஆட்டம் போட்டால் வேஷம் என்று பிரிப்பது கேட்பவரின் பழக்கம். இரண்டிலும் ஒரே அளவு உழைப்பு, ஒரே அளவு திட்டம் இருக்கிறது.

‘சீ சேஞ்ச்’ மேடைக்குப் போனபோதே இது தெரிந்தது. 2002 இலையுதிர்காலச் சுற்றுப்பயணத்தில் அவருக்குப் பின்னால் வாசித்தவர்கள் ஃப்ளேமிங் லிப்ஸ். வண்ணக் காகிதம், பலூன், முயல் உடை என்று மேடையைத் திருவிழாவாக்கும் குழு அது. உலகத்தின் சோகமான ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு ஊர் சுற்றியவரை எந்தக் கட்சியில் சேர்ப்பது?

‘குவேரோ’ வந்ததும் ‘பழையபடி திரும்பிவிட்டார்’ என்று குறை சொன்னார்களாமே?

ஆமாம், அதே ஆட்கள்தான். 2005-ல் டஸ்ட் பிரதர்ஸோடு மறுபடி உட்கார்ந்தார். பழைய பெக் வேண்டும் என்று மூன்று வருடம் கேட்டவர்கள், கிடைத்ததும் ‘இது ‘ஒடிலே’யின் மறுபதிப்பு’ என்றார்கள். ஆல்பம் 2-ஆம் இடத்தில் நுழைந்தது.

ஸ்டிக்கர் விவகாரம் என்ன?

2006-ன் ‘த இன்ஃபர்மேஷன்’ வெற்று அட்டையோடு வந்தது. உள்ளே ஸ்டிக்கர் தாள், அட்டையை நீங்களே ஒட்டிச் செய்துகொள்ளலாம். ஸ்டிக்கர் கொடுப்பது மற்ற ஆல்பங்களைவிட நியாயமற்ற சலுகை என்று சொல்லி பிரிட்டிஷ் பட்டியலில் ஆல்பத்தைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். இசையைப் பற்றிப் பேசியதைவிட ஸ்டிக்கரைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். பாவம், நல்ல ஆல்பம்.

பாட்டே பதிவு செய்யாமல் ஓர் ஆல்பம் வெளியிட்டாராமே?

உண்மைதான். 2012 டிசம்பரில் ‘சாங் ரீடர்’. மெக்ஸ்வீனீஸ் பதிப்பகம் வெளியிட்டது. இசைத்தட்டு கிடையாது. இருபது பாட்டுகளின் ஸ்வரக் குறிப்புகள் அச்சிட்ட தாள்கள், ஒவ்வொன்றுக்கும் பழைய காலத்துப் பாணியில் ஓவியம். பாட்டைக் கேட்க வேண்டுமானால் நீங்களோ உங்களுக்குத் தெரிந்த யாரோ வாசிக்க வேண்டும். ஒலிப்பதிவு பரவுவதற்கு முன் அமெரிக்க வீடுகளில் பியானோ மேல் இப்படித் தாள்கள் இருக்கும். புதுப் பாட்டு வீட்டுக்குள் வந்தது அந்த வழியாகத்தான்.

முதல் எதிர்வினை எரிச்சல்: ஸ்வரக் குறிப்பு படிக்கத் தெரியாதவர் காசு கொடுத்துக் காகிதமா வாங்குவது? அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். யார் யாரோ யூகுலேலேயில், பாடகர் குழுவில், படுக்கையறையில் பதிவு செய்து போடத் தொடங்கினார்கள். ஒரே பாட்டு ஒருவரிடம் வால்ட்ஸ், இன்னொருவரிடம் மின்னணு இரைச்சல். 2014-ல் ஜாக் வைட், நோரா ஜோன்ஸ், ஜார்விஸ் காக்கர் போன்றவர்கள் பாடிய தொகுப்பு ஒன்றும் வந்தது. எனக்கு அதைவிட முகம் தெரியாதவர்களின் பதிவுகள்தான் பிடித்தன. தொகுப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது. சரியாக இருப்பது இந்தப் பாட்டுகளுக்குத் தேவைப்படவில்லை.

‘இது உண்மையான பெக் இல்லை’ என்ற புகாருக்கு இந்த ஆல்பத்தில் இடமே இல்லாமல் போனது.

2015 கிராமி மேடையில் என்ன நடந்தது?

2014 பிப்ரவரியில் வந்த ‘மார்னிங் ஃபேஸ்’ ஆண்டின் சிறந்த ஆல்பமாக அறிவிக்கப்பட்டது. போட்டியில் பியான்சே, எட் ஷீரன், சாம் ஸ்மித், ஃபாரெல் வில்லியம்ஸ் இருந்தார்கள். பியான்சேதான் வாங்குவார் என்று எல்லாரும் நினைத்தார்கள், பெக்கும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார். ராப் பாடகர் கான்யே வெஸ்ட் மேடை ஏறி மைக் பக்கம் வந்தார், பேசாமல் சிரித்துக்கொண்டு இறங்கிவிட்டார். இறங்கும்போது பெக், பரவாயில்லை திரும்பி வாருங்கள் என்பதுபோல் கையை அசைத்தார். நிகழ்ச்சி முடிந்த பிறகு கான்யே, பெக் அந்த விருதைப் பியான்சேவிடம் கொடுத்திருக்க வேண்டும் என்றார். சில வாரங்களில் பொதுவில் மன்னிப்பும் கேட்டார்.

‘யார் இந்த பெக்?’ என்று அன்றிரவு ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். இருபது வருடமாகப் பாடுகிறவருக்கு இது அவமானமா விளம்பரமா என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். பலர் கவனிக்காமல் விட்டது ஒன்று: விருதைக் கையில் கொடுத்தவர் பிரின்ஸ். ‘மிட்நைட் வல்ச்சர்ஸ்’ காலத்தில் யாரைப் பார்த்து நகல் எடுக்கிறார் என்று பெக் திட்டு வாங்கினாரோ அதே பிரின்ஸ். அந்தக் காட்சிக்காகவே அந்த விழாவை ஒருதரம் பார்க்கலாம்.

பியான்சேவின் ஆல்பம் அந்த வருடத்தில் பெரிய நிகழ்வு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்காக ‘மார்னிங் ஃபேஸை’த் திட்ட வேண்டியதில்லை. ஓட்டுப் போட்டது பெக் அல்லவே.

‘மார்னிங் ஃபேஸ்’ வெறும் ‘சீ சேஞ்ச்’ இரண்டாம் பாகமா?

வாத்தியக்காரர்கள் பலர் அதே ஆட்கள்: டிரம்ஸில் ஜோயி வாரோன்கர், பேஸில் ஜஸ்டின் மெல்டல்-ஜான்சன், கிட்டாரில் ஸ்மோக்கி ஹார்மெல், கீபோர்டில் ரோஜர் மேனிங். தந்திக்கருவிகள் அப்பா. வேகமும் ஒன்றுதான். அதனால் கேள்வி வருவது இயல்பு.

வித்தியாசம் வெளிச்சத்தில். பழைய ஆல்பம் முழுக்க ஒருவர் தனியாக இருக்கிறார். இதில் குரல்கள் அடுக்கடுக்காக ஒன்றுசேர்கின்றன, எழுபதுகளின் கலிஃபோர்னியா ஃபோக் ராக் வாசனை அடிக்கிறது. இடையில் முதுகெலும்புக் காயத்தால் பல வருடம் அவதிப்பட்டவர், மேடைப் பயணங்களையும் குறைத்துக்கொண்டவர், மீண்டு வந்து பாடியது என்பதும் தெரிந்திருக்கட்டும். (தெரிந்தால் பாட்டு வேறு மாதிரிதான் கேட்கும். மேலே சொன்ன பழக்கத்திலிருந்து நானும் தப்பவில்லை.) ‘வேவ்’ பாட்டில் குரலும் ஆர்கெஸ்ட்ராவும் மட்டும். அதற்கு ‘சீ சேஞ்சி’ல் ஜோடி கிடையாது.

ஆல்பமாக முழுக்கக் கேட்க எனக்கு ‘சீ சேஞ்ச்’ ஒரு படி மேல். ‘மார்னிங் ஃபே’ஸின் நடுப்பகுதி அழகு கூடிப்போய்க் கொஞ்சம் மயக்கம் தருகிறது.

‘கலர்ஸ்’ ஏன் பாப் வானொலிபோல இருக்கிறது?

அப்படி இருக்க வேண்டும் என்றுதான் செய்தார்கள். பெக்கோடு சேர்ந்து இதைத் தயாரித்த கிரெக் கர்ஸ்டின் ஒருகாலத்தில் அவருடைய மேடைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர், பிறகு அடெல் போன்றவர்களுக்குத் தயாரிப்பாளர் ஆனார். முதல் சிங்கிள் ‘ட்ரீம்ஸ்’ 2015-ல் வந்தது, ஆல்பமோ 2017 அக்டோபரில். இரண்டு வருடத்துக்கு மேல் மெருகேற்றியது நன்றாகவே தெரிகிறது. ஒவ்வொரு நொடியும் பளபளப்பு. கிராமி வாங்கிய சோக ஆல்பத்தின் வழியாக வந்த புது ரசிகர்கள் திகைத்தார்கள், ‘மிட்நைட் வல்ச்சர்ஸ்’ கட்சி சிரித்தது. எனக்கு ஓடும்போது கேட்க நன்றாக இருக்கிறது, உட்கார்ந்து கேட்க முடியவில்லை.

பாட்டு வரிகள் ஒன்றுமே புரியவில்லையே?

ஆங்கிலம் தாய்மொழியான ரசிகர்களுக்கும் அதே கதிதான். ‘ஒடிலே’ வகையில் சொற்கள் தாளத்துக்காக இருக்கின்றன, அர்த்தத்தைத் துரத்த வேண்டாம். ‘சீ சேஞ்ச்’ வகையில் எளிய சொற்கள், நேராகவே புரியும்.

எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

‘ஒடிலே’யும் ‘சீ சேஞ்சு’ம், ஒரே வாரத்தில் இரண்டையும். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு நின்றால் நீங்களும் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள். அதன் பிறகு ‘மியூட்டேஷன்ஸ்’, அது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நான்காவதாக ‘ஒன் ஃபுட் இன் த கிரேவ்’. பதிவு கரடுமுரடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘மிட்நைட் வல்ச்ச’ரை வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது ஸ்பீக்கரில் போட வேண்டாம்.

‘எடர்னல் சன்ஷைன்’ படத்தில் கேட்ட பாட்டு வழியாக வந்தீர்கள் என்றால், அது பெக் எழுதியது இல்லை, கோர்கிஸ் குழுவின் பழைய பாட்டை அவர் தன் குரலில் பாடியது. அந்த மனநிலை வேண்டுமானால் நேராக ‘சீ சேஞ்ச்’.

2019-ன் ‘ஹைப்பர்ஸ்பேஸ்’ எப்படி?

2015-ல் அவரோடு போட்டியில் இருந்த ஃபாரெல் வில்லியம்ஸோடு சேர்ந்து செய்தது. மிதக்கும் சின்தசைசர், அளவான தாளம், கொஞ்சம் சோகம், கொஞ்சம் ஆட்டம். இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி கிடைத்ததால் யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. அதனால்தானோ என்னவோ, அதைப் பற்றி அதிகம் பேசுவதும் இல்லை.